பெல்லட் இல்லை, தோட்டா இல்லை, பயிற்சியை நிறுத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஏர் ரைஃபிளில் போடுகிற ஈயக் குண்டான பெல்லட் கிடைக்கவில்லை, கிடைத்தால் விலை தாறுமாறு, தோட்டாவுக்குப் பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருக்கிறோம் என்று திருப்பூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை முழுக்கத் தட்டுப்பாட்டைப் பற்றியே பேசிவிடலாம். முப்பது வருஷமாகத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நிற்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், இப்படி வறண்ட காலங்களை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். பயந்துபோய் எழுதியிருக்கிற பெற்றோருக்கு முதலில் ஒன்று: பிள்ளையின் ஆட்டம் இதனால் கெட்டுப்போகாது. சில பிள்ளைகள் இப்படிப்பட்ட காலத்தில்தான் நன்றாக வளர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கமுங்க. என் மகளுக்கு 14 வயது, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றுத் துப்பாக்கி) சுடுகிறாள். தினமும் 100 குண்டு சுடச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக வாங்குகிற ஜெர்மன் பெல்லட் இரண்டு மாதமாகக் கடையில் இல்லை. கையில் மூன்று டப்பாதான் இருக்கிறது. போட்டிக்கு ஏழு வாரம். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கிடைக்கிற இடத்தில் என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொடுக்க முடியாது. என்ன செய்யட்டும்?
– ஒரு தந்தை, திருப்பூர்

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம், ஏனென்றால் பயம் பாதி கணக்குப் போடாததால்தான் வருகிறது. டப்பாவுக்கு 500, மூன்று டப்பா என்றால் 1500 குண்டு. தினம் 100, வாரம் ஆறு நாள் என்று போனால் இரண்டரை வாரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் போட்டிக்கு வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

அதனால் இன்றைக்கே ஒரு டப்பாவை டேப் ஒட்டி மூடி, பீரோவில் வைத்துவிடுங்கள். அது போட்டிக்கும், போட்டிக்கு முன்னால் வைக்கிற இரண்டு மாதிரிப் போட்டிக்கும். போட்டிக் குண்டு 60, அதற்கு முன் சைட்டர், அதாவது கணக்கில் சேராத சோதனைக் குண்டு, ஒரு இருபது என்று வைத்தால் 80. மூன்று தடவைக்கு 240. மிச்சம் கையிருப்பு. மீதி இரண்டு டப்பாவில் 1000 குண்டு, ஏழு வாரம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 45. அவ்வளவுதான், 945-இல் முடிந்துவிடும், கையில் கொஞ்சம் மிஞ்சும்.

சரி, மற்ற நாட்களில் என்ன செய்வது? டிரை. குண்டு போடாமல் ட்ரிகரை இழுக்கிற பயிற்சி. இதைப் பல பிள்ளைகள் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள், பெற்றோரும் "இன்னைக்குக் குண்டே சுடலையா" என்று கேட்டு அதையே உறுதிப்படுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். குண்டு குழலை விட்டுப் போன பிறகு சுடுகிறவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நிற்கிற நிலை, மூச்சு, கன்னம் ஸ்டாக்கில் (துப்பாக்கியின் பின்கட்டையில்) உட்கார்கிற இடம், விரல் ட்ரிகரில் ஏறுகிற விதம், இழுத்த பிறகும் அப்படியே நிற்பது, இது எல்லாமே குண்டு போவதற்கு முன்னாலும் போகிற அந்த நொடியிலும் நடக்கிறது. இதில் எதற்கும் ஈயம் தேவையில்லை.

வீட்டில் செய்வதற்கு ஒரு வழி சொல்கிறேன். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கட்டும். டார்கெட் எதுவும் ஒட்டக் கூடாது. குழல் முனையில் இருக்கிற ஃபோர்சைட் வளையத்துக்குள் வெறும் வெள்ளைதான் தெரியும். குறி இல்லாததால் கண் நடுப்புள்ளியான பத்தைத் துரத்தாது, அப்போதுதான் ட்ரிகர் இழுக்கும்போது துப்பாக்கி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஒரு ரூபாய் நாணயத்தைக் குழல் மேல் வைத்து இழுக்கச் சொல்லுங்கள். நாணயம் விழாமல் 20 தடவை. விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. முதல் வாரம் அழுவாள். மூன்றாவது வாரம் அவளே உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

இரண்டு எச்சரிக்கை. டிரை பயிற்சி என்பதால் அலட்சியம் வேண்டாம், குழல் காலியா என்று பார்த்து, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது, பயிற்சி முடிந்ததும், குழல் காலி என்று காட்டுகிற சேஃப்டி ஃபிளாக் உள்ளே போக வேண்டும். இன்னொன்று, அவள் கையில் இருப்பது காற்றுச் சிலிண்டர் வைத்த மேட்ச் ரைஃபிள் என்றால் அதிலேயே டிரை வசதி இருக்கும். ஸ்பிரிங் வைத்த, குழலை மடக்கி லோடு செய்கிற ரைஃபிள் என்றால் குண்டு போடாமல் ஒரு தடவைகூட இழுக்கக் கூடாது. உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்ந்து வரும்போது, பெல்லட்டுக்குப் பின்னால் அடைபட்ட காற்றுதான் அதற்கு மெத்தை. பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய்ச் சிலிண்டர் முகத்தில் மோதும். சீல் கிழியும், நாள்பட்டால் ஸ்பிரிங்கும் போகும். என்னிடம் வந்த ஒரு பையன் கொரோனா ஊரடங்கில் இப்படியே இரண்டு மாதம் இழுத்து ரைஃபிளைப் பாழாக்கிக்கொண்டு வந்தான், சீல் மாற்றிக்கொடுத்தோம், அந்தச் செலவில் நாலு டப்பா பெல்லட் வாங்கியிருக்கலாம்.

அந்த 45 குண்டையும் எப்படிச் சுடுவது என்று ஒரு வார்த்தை. ஒவ்வொரு குண்டுக்கும், விழுந்த இடத்தைக் காட்டுகிற ஸ்கிரீனைப் பார்ப்பதற்கு முன்னால், எங்கே போயிருக்கும் என்று நோட்டில் எழுதட்டும். "9.8, வலது" என்று. அப்புறம் பார்க்கட்டும். எழுதியதும் விழுந்ததும் ஒத்துப்போக ஆரம்பித்தால், அவளுக்குத் தன் தப்பு தானே தெரிகிறது என்று அர்த்தம். தினம் 100 சுட்டபோது இதற்கு நேரமே இருந்திருக்காது.

வேறு கம்பெனி பெல்லட் வாங்கலாமா என்று கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். பயிற்சிக்கு வாங்கலாம், தாராளமாக. போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் மாற்றாதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். வெகுநாளைக்கு முன்னால் ஒரு மாநிலப் போட்டிக்குப் போகும்போது என்னுடைய டப்பா தீர்ந்துபோய், கடையில் இருந்த வேறொன்றை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். ஹெட் அளவு, அதாவது பெல்லட் தலையின் விட்டம், என் பழைய டப்பாவில் 4.50 மில்லிமீட்டர், இதில் 4.49. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். முதல் பத்து குண்டு நன்றாக விழுந்தது. பதினோராவது காரணமே இல்லாமல் கீழே. கையைச் சந்தேகப்பட்டேன், மூச்சைச் சந்தேகப்பட்டேன், சைட்டைத் திருகினேன், திரும்பத் திருகினேன். ஊருக்கு வந்து துப்பாக்கியைக் கிளாம்பில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் கையில் குற்றமில்லை, அந்தப் பெல்லட் என் குழலுக்கு ஒத்துவரவில்லை. ஏர் ரைஃபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. 4.5 மில்லிமீட்டர் குண்டின் விளிம்பு அதைத் தொட்டால் போதும் என்பதால், மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் பத்துதான். ஆனால் இப்போது தசமத்தில் கணக்குப் போடுகிறார்கள், ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 போய்விடும். புதுப் பெல்லட் வாங்கினால் முதல் இருபது முப்பது குண்டைக் குழல் பழகுவதற்கு விட்டுவிட்டு, அப்புறம் கிளாம்பில் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். நல்லதாக இருந்தால் பத்து குண்டும் காகிதத்தில் ஒரே ஓட்டை மாதிரி தெரியும்.

கேள்வி: எங்கள் மகன் டெக்சஸில் வேலையில் இருக்கிறான், அங்கே கிளப்பில் சேர்ந்து டார்கெட் சுடுகிறான், தோட்டாவை வீட்டிலேயே தானே திரும்ப நிரப்பிக்கொள்வானாம். இப்போது அதற்குச் சாமான் கிடைக்கவில்லை, விலை மூன்று மடங்கு என்று போனில் புலம்புகிறான். அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு என்றால் நம்பவே முடியவில்லையே, ஏனுங்க அப்படி? இன்னொன்று, தீபாவளிக்கு வரும்போது இங்கே இருக்கிற தம்பி மகனுக்குக் கொஞ்சம் வாங்கிவரச் சொல்லலாமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா: கூடவே கூடாது. தோட்டா, அதற்குத் தீ வைக்கிற பிரைமர், உள்ளே போடுகிற வெடிமருந்து எதையும் பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். மருந்தும் பிரைமரும் பயணிகள் விமானத்தில் ஏறவே அனுமதி இல்லை. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையின் மூலையில் மறந்துபோய்க் கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் பிடிபட்டு, வழக்குக்கு அலைந்தவர்கள் இருக்கிறார்கள். மகன் கிளம்பும்போது ரேஞ்சுக்கு எடுத்துப்போகிற பையையே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு பை எடுத்து வரட்டும்.

இனி முதல் கேள்வி. சுட்ட தோட்டாவில் பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். அதைத் துடைத்து, அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதுப் பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, மேலே புதுக் குண்டு பொருத்தினால் மறுபடி தோட்டா. இதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். அங்கே சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்யத் தனி உரிமம் கேட்பதில்லை. கூடு ஐந்து, பத்துத் தடவை திரும்ப வரும். குண்டை ஈயம் உருக்கி வார்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் பிரைமரையும் மருந்தையும் வீட்டில் செய்ய முடியாது. அதனால் முடை எப்போதும் இந்த இரண்டில்தான் வரும்.

பிரைமர் என்பது துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணி, அதற்குள் அடித்தால் பொறி பறக்கிற ரசாயனம். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்கிற கம்பெனிகள் நாலுதான், அந்த நாலுமே தோட்டாவும் செய்து விற்கிறவை. 2020-இல் கொரோனா வந்ததும் அங்கே லட்சக்கணக்கானவர்கள் முதல் தடவையாகத் துப்பாக்கி வாங்கினார்கள், தோட்டாவுக்கு வரிசை நின்றது. கம்பெனி தன் பிரைமரை முதலில் தன் தோட்டாவுக்குத்தானே போட்டுக்கொள்ளும்? மிஞ்சினால்தான் வீட்டில் நிரப்புகிறவர்களுக்கு. அதே வருஷம் ரெமிங்டன் திவாலாகி, அதன் தோட்டா ஆலை கை மாறியது. ஆயிரம் பிரைமர் முப்பது, முப்பத்தைந்து டாலருக்கு விற்ற இடத்தில் நூறு டாலரைத் தாண்டியது. உங்கள் மகன் சொல்கிற மூன்று மடங்கு பொய்யில்லை. 2022-இல் உக்ரைன் போர் ஆரம்பித்த பிறகு மருந்துக்கும் அதே கதி, பீரங்கிக் குண்டுக்குப் போகிற மூலப்பொருள்தான் விளையாட்டுத் தோட்டாவுக்கும்.

அந்த மூலப்பொருள் என்ன தெரியுமா அம்மா? பஞ்சு. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் சின்ன வயதில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி எருமைக்கு வைப்பார்கள். கொட்டையை அள்ளிக் கையில் வைத்துப் பார்த்திருப்பீர்கள், வழவழப்பாக இருக்காது, ஜின்னிங்கில் நீளப் பஞ்சு போன பிறகும் சாம்பல் பூத்த மாதிரி குட்டிக் குட்டி இழை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். லின்டர் என்பார்கள். நூல் நூற்க உதவாது. அதை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் நனைத்தால் நைட்ரோசெல்லுலோஸ், புகையில்லா மருந்துக்கு அதுதான் அடிப்படை. 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. ஐரோப்பாவில் இருக்கிற ஆலைகள் இந்த லின்டருக்குச் சீனாவைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன, அதனால் அங்கே ஒரு மூச்சுப் பிடிப்பு வந்தால் உலகம் முழுக்க மருந்து டப்பா காணாமல் போகிறது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறிக் குன்னூரைத் தாண்டினால் அருவங்காடு வருமே, அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிற கார்டைட் ஆலை இந்த வகை மருந்துக்காக ஏற்பட்டதுதான்.

மகனுக்கு நான் சொல்வதாகச் சொல்லுங்கள். ஒரு பவுண்டு மருந்து என்பது 7000 கிரெயின். பிஸ்டல் தோட்டாவுக்கும் பெரிய ரைஃபிள் தோட்டாவுக்கும் பிடிக்கிற அளவு பல மடங்கு வித்தியாசம், அதனால் இருக்கிற டப்பா எத்தனை தோட்டாவுக்கு வரும் என்று எழுதிப் பார்த்துவிட்டு, குறைவாகக் குடிக்கிற துப்பாக்கியில் பயிற்சியை வைத்துக்கொள்ளட்டும். கிளப் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆர்டர் போட்டால், ஆபத்தான சரக்கு என்று தனியாக வாங்குகிற அனுப்பும் கட்டணம் பங்காகும். சுடாத பழைய பிரைமர்களைக் கண்ணாடி பாட்டிலில் கொட்டிச் சேர்த்துவைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அது உயிருக்கு உலை. ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும். வந்த அட்டைப் பெட்டியில் அடுக்கின மேனிக்கே இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வழக்கமான மருந்து இல்லையென்று கடையில் இருக்கிற வேறொன்றைப் பழைய அளவிலேயே போட்டுவிடக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எரிகிற வேகம் வேறு. மருந்தோ, பிரைமரோ, குண்டோ எதை மாற்றினாலும் தயாரிப்பாளரின் கையேட்டைப் பிரித்து, அதில் அந்தச் சேர்க்கைக்குப் போட்டிருக்கிற குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். கையேட்டில் அந்தச் சேர்க்கையே இல்லையென்றால் அன்றைக்குச் சுடாமல் இருந்துவிடலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் "பரவாயில்லை, இதைப் போட்டுப் பார்ப்போம்" என்று கை போகும். முகத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் வெடிக்கிற சமாச்சாரம் அம்மா, கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன், 50 மீட்டரில் .22 ரைஃபிள் சுடுகிறேன். ஒரு பெட்டி தோட்டாவுக்கு அப்பாவிடம் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ரேஞ்சில் காலிக் கூடு மூட்டையாகக் கிடக்கிறது. வெளிநாட்டில் நிரப்புகிறார்களே, நாமும் நிரப்ப முடியாதா?
– ஒரு மாணவர், ஈரோடு

முடியாது தம்பி, இரண்டு காரணம். முதலாவது, .22 ரிம்ஃபயர். இதற்குத் தனியாகப் பிரைமர் கிடையாது, கூட்டின் அடி விளிம்பு மடிப்புக்குள்ளேயே அந்த ரசாயனத்தை வைத்திருப்பார்கள், துப்பாக்கியின் ஃபயரிங் பின் (அடிக்கிற ஊசி) வந்து விளிம்பை நசுக்கும்போதுதான் தீப்பிடிக்கிறது. ஒரு காலிக் கூட்டை எடுத்து விளிம்பைப் பார், சின்னதாக ஒரு குழி இருக்கும். நசுங்கினது நசுங்கினதுதான். வெளிநாட்டில் நிரப்புகிறவர்களும் நடுவில் பிரைமர் வைத்த சென்டர்ஃபயர் கூட்டைத்தான் நிரப்புகிறார்கள்.

இரண்டாவது, சட்டம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை, அதன் பாகங்களும் அதைச் செய்கிற இயந்திரமும் சேர்த்துத்தான். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம். விளையாட்டுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காலிக் கூட்டை ஞாபகார்த்தமாகக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகாதே, கிளப்பில் கணக்குக் கொடுத்துவிட்டு வா.

உனக்கு வழி இருக்கிறது. வாரத்தில் பெரும்பகுதியை ஏர் ரைஃபிளுக்கு மாற்று. ஒரு .22 தோட்டா விலையில் எத்தனை பெல்லட் வரும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். நின்று சுடுகிற நிலைக்கு ஏர் ரைஃபிளைவிட நல்ல வாத்தியார் கிடையாது. முழங்காலிட்டும் படுத்தும் டிரை செய், ஃபயரிங் பின் சேதமாகாமல் இருக்கக் கிளப்பிலேயே ஒரு காலிக் கூட்டைப் போட்டு, அவ்வப்போது திருப்பிவைத்து இழு. நிஜத் தோட்டாவை லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, பார்த்து வை. பெட்டி மேல் லாட் எண் அச்சடித்திருக்கும், ஒரே கம்பெனி, ஒரே பெயர் இருந்தாலும் லாட் மாறினால் 50 மீட்டரில் குண்டுகள் விழுகிற கூட்டம் விரியும். பத்து மில்லிமீட்டர் சொச்சம் இருக்கிற பத்துக்கு அது போதும், உன்னை ஒன்பதுக்குத் தள்ள. ஒத்துவருகிற லாட்டைப் போட்டிக்கு எடுத்துவைத்துவிட்டு, உதிரிப் பெட்டிகளைப் பயிற்சிக்குச் சுடு. தேசிய அளவில் தகுதி மதிப்பெண் எடுத்து ரினௌன்ட் ஷூட்டர் என்ற தகுதி பெற்றால் இறக்குமதியிலும் வாங்குகிற அளவிலும் சலுகை கிடைக்கும், அதுவரைக்கும் இப்படித்தான் ஓட்ட வேண்டும். அப்பாவிடம் கேட்கக் கஷ்டப்படுகிறாய் பார், அந்தக் குணத்துக்காகவே நீ நன்றாக வருவாய்.

கேள்வி: கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன். லேத் இருக்கிறது, வார்ப்பும் தெரியும், பம்பு பாகம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு ஓட்டுகிறோம். பெல்லட் வெறும் ஈயம்தானே, பையனுக்கு நாமே வார்த்துவிடலாமே?
– ஒரு பட்டறை உரிமையாளர், கோவை

உங்கள் கை வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், இந்த ஊர் பம்பும் மோட்டாரும் அந்தக் கைகளில் பிறந்தவை. ஆனால் மேட்ச் பெல்லட்டை வார்ப்பதில்லை. ஈயக் கம்பியைத் துண்டு போட்டு, டையில் வைத்துக் குளிராகவே அழுத்தி எடுக்கிறார்கள். ஒன்றை எடுத்து லென்சில் பாருங்கள்: தட்டையான தலை, உடுக்கை மாதிரி இடுப்பு, பின்னால் உள்ளே குடைந்த பாவாடை. அந்தப் பாவாடைச் சுவர் காற்றழுத்தத்தில் விரிந்து குழலின் ரைஃபிளிங்கை (உள்ளே வெட்டியிருக்கிற சுருள் வரியை) பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தாலும் குண்டு தள்ளாடும். ஒன்று சரியாகச் செய்துவிடுவீர்கள், ஐநூறையும் ஒரே மாதிரி செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. அதோடு வீட்டுப் பக்கத்தில் ஈயம் உருக்கினால் வருகிற புகையும் தூசியும் அந்தப் பையனுக்கே கேடு, பிள்ளைகள் உடம்பில் ஈயம் ஏறக் கூடாது. ஒருவேளை தொழிலாகவே செய்ய நினைத்தால், டை வெட்டுவதற்கு முன்னால் கலெக்டர் ஆபீசில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் திறமைக்கு வேறு வேலை தருகிறேன். ஒரு நல்ல கிளாம்ப் செய்து கிளப்புக்குக் கொடுங்கள், எல்லாப் பிள்ளைகளும் பெல்லட் சோதித்துக்கொள்ளட்டும். அப்புறம் தெரிந்த நகைப் பட்டறையில் மில்லிகிராம் காட்டுகிற தராசு இருக்கும். மலிவான டப்பா ஒன்றைக் கொண்டுபோய் எடை போட்டுப் பிரியுங்கள். ரைஃபிள் பெல்லட் 530 மில்லிகிராம் சுற்றி இருக்கும். நான் ஒரு மழைநாளில் ஒரு டப்பாவை வெள்ளைத் துணியில் கொட்டி உட்கார்ந்து பிரித்தேன், பாவாடை நசுங்கினது தனி, எடை விலகினது தனி. மிஞ்சினதில் சுட்டபோது அந்த மலிவு டப்பா நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கூடியது. ஒதுக்கினதையும் எறியவில்லை, புதுப் பிள்ளைகளுக்கு லோடு செய்யப் பழகக் கொடுத்தோம்.

கேள்வி: ஏர் பிஸ்டலுக்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?
– கரூர் வாசகர்

பயிற்சியில் தேவையில்லை. பிஸ்டலில் பத்து வளையமே 11.5 மில்லிமீட்டர், மையத்திலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரைக்கும் பத்துக் கிடைக்கும். சுமாரான பெல்லட்டே தாங்கும். விலை கூடின டப்பாவை ரைஃபிள் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: தென்னந்தோப்பு இருக்கிறது, 12 போர் துப்பாக்கி உரிமமும் இருக்கிறது, இரண்டு வருஷமாக ட்ராப் (பறக்கவிடுகிற மண் தட்டைச் சுடுகிற ஆட்டம்) சுடப் போய்க்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுத் தோட்டா வந்தால் உண்டு. இருக்கிற நூறு தோட்டாவில் எத்தனை நாள் ஓட்டுவது?
– ஒரு விவசாயி, பொள்ளாச்சி

ட்ராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு தடவை சுடலாம் என்பதால் நாம் இரண்டு தோட்டா போட்டே பழகிவிடுகிறோம். இனி பயிற்சியில் ஒன்று மட்டும் போடுங்கள். நூறு தோட்டா நூறு தட்டு, 25 வீதம் நாலு ரவுண்டு. இரண்டாவது தோட்டா இருக்கிறதே என்ற தைரியத்தில் முதல் ஷாட்டை அவசரப்படுத்துகிற பழக்கமும் போய்விடும். மற்ற நாட்களில் வீட்டுக்குள், துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலும் காலி என்று பார்த்துவிட்டு, சுவரும் கூரையும் சேர்கிற கோட்டின் மேல் குழல் முனையை ஓட்டிப் பழகுங்கள். தோளுக்கு ஏற்றும்போது கன்னம் தேடிப்போகாமல் துப்பாக்கி கன்னத்துக்கு வர வேண்டும், தினமும் ஐம்பது தடவை. தோப்பில் நின்று செய்யாதீர்கள், பார்க்கிறவர்களுக்கு அது காலித் துப்பாக்கி என்று தெரியாது. புதுக்கோட்டையிலிருந்து போய்ப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டார் பிருத்விராஜ் தொண்டைமான், நம் மாநிலத்தில் இந்த ஆட்டத்துக்கு ஆள் வர வேண்டும், விட்டுவிடாதீர்கள். காட்டுப்பன்றிக்காக வாங்கிவைத்த பெரிய ரவைத் தோட்டா மிச்சம் இருக்கிறது என்று அதை ட்ராப்புக்கு எடுத்துப்போகவும் வேண்டாம். அங்கே ஒரு தோட்டாவில் ரவை 24 கிராம்தான், ஒவ்வொரு ரவை மணியும் 2.6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பெரிய ரவை ரேஞ்சின் எல்லையைத் தாண்டிப் போய் விழும்.

கேள்வி: எங்கள் கிளப்பில் ஒருவர் சரக்கு வந்த அன்றைக்கே நாற்பது டப்பா வாங்கிப் போய்விட்டார். கேட்டால் பணம் கொடுத்துத்தானே வாங்கினேன் என்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. இது நியாயமா?
– பெயர் வேண்டாம், கோவை

நியாயமில்லை. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. தட்டுப்பாடு பாதி ஆலையில் உண்டாகிறது, மீதியை நாம்தான் உண்டாக்குகிறோம். பஞ்ச காலத்தில் குதிர் நிறைய வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஒரு படி கொடுக்காதவரை நம் ஊரில் என்ன பேசுவார்கள்? சண்டை போட வேண்டாம், கிளப்பில் ஒரு நோட்டுப் போடுங்கள். சரக்கு வந்தால் முதலில் போட்டி நெருங்குகிற பிள்ளைகளுக்குத் தலைக்கு இரண்டு டப்பா, மிச்சம் மற்றவர்களுக்கு, யார் எத்தனை என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிவையுங்கள். ஒருவருக்குத் தீர்ந்தால் இன்னொருவர் கொடுத்து, அடுத்த சரக்கில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ரேஞ்சில் அப்படி ஒரு நோட்டு இரண்டு வருஷம் ஓடியது, கைமாற்றுக் கொடுத்த டப்பா ஒன்றுகூடத் திரும்பாமல் போகவில்லை. அந்த நாற்பது டப்பாக்காரரையும் நோட்டுக்குப் பொறுப்பாகப் போட்டுப் பாருங்கள், கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: பழைய பெல்லட் டப்பாவைத் திறந்தால் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. சுடலாமா?
– நாமக்கல் வாசகர்

வேண்டாம். ஈயம் ஈரக்காற்றில் பூத்த பொடி அது, மூச்சில் போனால் கெடுதல், குழலுக்கும் ஆகாது. கையில் தேய்த்துத் துடைத்துப் பார்க்கவும் வேண்டாம், டப்பாவோடு மூடி, பழைய ஈயம் எடுக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். இனி வாங்குகிறதை ஐப்பசி மழைக்கு முன்னால் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து, மூடி மேல் வாங்கிய மாதமும் லாட் எண்ணும் எழுதிவிடுங்கள், பழையதை முதலில் சுட்டுத் தீர்க்கலாம். பெல்லட்டைத் தொட்ட கையோடு பிள்ளைகள் முறுக்கு எடுத்துத் தின்பதை ரேஞ்சில் தினமும் பார்க்கிறேன், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.